கடைசியில் நடப்பவர்

“ஐயா, சொன்னா கேளுங்க. அந்த மூணு நாள் பாதை உங்களுக்கு வேணாம்.”

சுற்றுலா அலுவலகத்துப் பெண்ணுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. காலில் ரப்பர் செருப்பு.

தெருக்கோடியில் இருக்கும் பேக்கரி அவருடையது. அவள் இந்தத் தெருவில் அலுவலகம் திறந்து ஆறேழு மாதமாகிறது. அந்தக் கடை மூடிக் கிடந்து அவள் பார்த்ததேயில்லை. அவர் வாய் திறந்து பேசியும் அதிகம் கேட்டதில்லை. ரொட்டி வாங்கப் போனால், “முழுசா, வெட்டியா?” என்பார். அதோடு சரி. அப்படிப்பட்ட மனிதர் இன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்து, மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவுக்குப் போயே தீர வேண்டும் என்கிறார். அதுவும் தனியாக.

“ஏரிப் பக்கம் போங்களேன். வண்டியே மேல வரைக்கும் போகும். இறங்கினா படகு. வழிகாட்டி மைக்கில எல்லாத்தையும் விளக்கிடுவார். சாயங்காலமே திரும்பிடலாம். முட்டிக்கு வேலையே இல்ல.”

“மைக்கில பேசுறதெல்லாம் வேணாம்மா.” சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். “அந்தச் சிவப்புக் கோடுதானே மூணு நாள் பாதை?”

“அதேதான். பாருங்க, செங்குத்தா ஏறுது. ராத்திரி கூடாரத்துல படுக்கணும். குளிர் எலும்பைக் குடையும். நீங்க காலம் பூரா அடுப்புப் பக்கத்துலயே நின்னு பழகினவரு.”

“வழிகாட்டி கூடவே வருவாங்களா? இல்ல, வழியைக் காட்டிட்டுப் போயிடுவாங்களா?”

“மூணு நாளும் கூடவேதான்.”

“சாப்பாடும் ஒண்ணாவா?”

“ஆமா. சமையலே அவங்கதான்.”

“சமைப்பாங்களா?” பேக்கரிக்காரரின் புருவம் மேலே ஏறி, மெல்ல இறங்கியது. பிறகு, “நடக்க முடியாம பின்தங்கிட்டா என்ன பண்ணுவாங்க?” என்றார்.

இதுதான் சமயம் என்று அவள் பிடித்துக்கொண்டாள்.

“அப்படிக் கேளுங்க! கூட வர்றவங்க எல்லாம் காலேஜ் பசங்க. குதிச்சு ஓடிடுவாங்க. நீங்க பின்னாடி மூச்சு வாங்கிட்டு நிப்பீங்க. கடைசியா வர்றவர் பக்கத்துலதான் வழிகாட்டி நடக்கணும்னு அங்க சட்டமே இருக்கு. உங்களால அவங்களும் ஆமை மாதிரி ஊர்ந்துகிட்டே வரணும். பாவமில்லையா?”

பயமுறுத்தத்தான் சொன்னாள். அவரோ அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நல்ல சட்டம்” என்றார்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. இரண்டு மாதம் முன்பு கால் பிசகிய ஒருவரைத் தூக்குக் கட்டிலில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். ‘ஆளைப் பார்த்து அனுப்ப மாட்டீங்களா’ என்று பூங்காக்காரர்கள் இவளைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள்.

“மேல போய் உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நான்தான் பதில் சொல்லணும்.”

“தினமும் மாவு மூட்டை தூக்குற உடம்பும்மா இது. அதுக்கும் மேல, ரெண்டு மாசமா மாடிப்படி ஏறி இறங்கிப் பழகிட்டிருக்கேன். டாக்டரும் போகலாம்னுட்டாரு.”

இனி இவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று தெரிந்தது. கணினிப் பக்கம் திரும்பினாள்.

“சரி, உங்க இஷ்டம். அடுத்த வாரம் ரெண்டு குழு போகுது. ஒண்ணுக்கு ஒரு பெரியவர் வழிகாட்டி. தங்கமான மனுஷன். உங்க பையைக்கூட அவரே தூக்கிப்பார். இன்னொண்ணுக்கு ஒரு பொண்ணு, அங்க இருக்கிற ஒரே பெண் வழிகாட்டி. எங்களுக்குள்ள ‘விசில்’னுதான் சொல்லுவோம். யாராவது பாதையை விட்டு ஒரு அடி விலகினாப் போதும், விசில் பறக்கும். போன மாசம் ஒரு பேங்க் மேனேஜரையே நடுக்காட்டுல நிக்க வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. உங்களைப் பெரியவர்கூடப் போட்டுடறேன்.”

“விசில்கூடவே போடும்மா.”

“ஐயா! ‘இந்தச் செருப்போடயா மலை ஏற வந்தீங்க’ன்னு ஆரம்பிச்சா, கீழ இறங்குற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க.”

“திட்டட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “அந்தப் பொண்ணு... உடம்பு நல்லா இருக்காங்களா? அதாவது, அவ்வளவு உயரம் ஏறி இறங்குறாங்களே, அதுக்குக் கேட்டேன்.”

“அவங்களுக்கென்ன, இரும்பு மாதிரி இருக்காங்க.”

அவர் தலையாட்டிக்கொண்டார். “போறவங்க பேரெல்லாம் முன்கூட்டியே அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?”

“இல்ல, எத்தனை பேருன்னு மட்டும்தான் சொல்லுவோம். ஆளை அடிவாரத்துலதான் பார்ப்பாங்க.”

“அதுவும் நல்லதுதான்.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த அவள் கைகள் நின்றன. நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“ஐயா, மறைக்காம சொல்லுங்க. தங்கமான மனுஷனை விட்டுட்டு, வாயைத் திறந்தா எரிஞ்சு விழற பொண்ணுகூடத்தான் போவேன்னு ஏன் அடம்பிடிக்கிறீங்க?”

பேக்கரிக்காரர் முழங்கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார். வெளியே தெருவைப் பார்த்தார். பேசிப் பழகாதவர் பேச வேண்டி வந்தால் படும் பாடு அவர் முகத்தில் தெரிந்தது.

“அது என் பொண்ணும்மா. கடையைத்தான் பார்த்துக்கணும்னு நான் பிடிச்ச பிடிவாதத்துல கோவிச்சுக்கிட்டுப் போனவ, மூணு வருஷமா என் போனை எடுக்கறதில்ல” என்றார். “கூட வர்ற ஆள்கிட்ட வழிகாட்டி பேசாம இருக்க முடியாதில்ல?”