வரிசையில் ஒரு நட்சத்திரம்

கணினிக்குள் ஒரு சல்லடை இருந்தது. கட்டளை வந்ததும் அதன் முன்னால் புள்ளியும் கோடுமான படங்கள் வரிசையில் நிற்கும். வடிவம் வேறானாலும் புள்ளிகள் ஒரே மாதிரி இணைந்த இரண்டு வந்தால், முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும்.

"நீங்க முன்னால போங்க, எனக்கு அவசரமில்லை" என்றது ஐந்துமுனை நட்சத்திரம், பின்னால் நின்ற ஐங்கோணத்திடம். ஐங்கோணம் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனது.

நட்சத்திரத்தின் முறை வந்தது. சல்லடை அதன் முனைகளைப் பிடித்து, குறுக்கே ஓடிய கோடுகளைப் பிரித்து விரித்தது. விரிந்ததும் அதுவும் ஐங்கோணம்தான்.

"இது ஏற்கெனவே இருக்கு."

"அவருக்கு இடம் விட்டதே நான்தான். அவரையே கேளுங்க."

சல்லடை கேட்டது. உள்ளேயிருந்து ஐங்கோணம் எட்டிப் பார்த்தது.

"எனக்கு இடம் விட்டது ஒரு நட்சத்திரம். இது யாருன்னே தெரியலையே."