மூன்று கிலோ

எடை மிஷின்மேல் ஏறியதும் அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்து மாதமாக அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் பார்க்கிற வேலை கணவருடையது. நாச்சிமுத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவார். பார்ப்பார். "அப்படியேதான் இருக்குது" என்பார். எண்ணைக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி, அவள் கண்ணில் படுவதற்குள் கிழித்து வைத்துவிடுவார்.

இன்றைக்குக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"அம்மிணி, கண்ணத் தொற."

திறந்தாள்.

நாற்பத்தொன்பது.

"நாலு நாள்ல மூணு கிலோ. மூணு நாளைக்கு முந்தியே ஏற ஆரம்பிச்சிருச்சு. கண்ணு பட்டுருமுன்னுதான் உங்கிட்டக்கூடச் சொல்லாம வெச்சிருந்தேன்."

அவள் இறங்கினாள். அந்த நாலு விரல் உயரம் இறங்குவதற்கே மூச்சு வாங்கியது.

அவர் கவனிக்கவில்லை. அவருக்குத்தான் கால் தரையில் பாவவில்லையே.

இருக்காதா பின்னே. முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் காலத்தை ஓட்டியவர். இவள் மார்பில் வந்த புற்று ஈரல்வரை போய்விட்டது என்று சொன்ன அன்றைக்குத்தான் முதன்முதலாக அரிசி களைந்தார். முதல் ரசத்தில் புளி போட மறந்தார். அடுத்த ரசத்தில் இரண்டு ரசத்துக்கும் சேர்த்துப் போட்டார். அதற்கப்புறம் கை படிந்துவிட்டது. நாட்டுக்கோழிச் சாறு, ராகிக் களி, முட்டை உடைத்து ஊற்றிய முருங்கைக்கீரை. ஊட்டாத குறைதான். மருந்து ஏற்றிய வாரங்களில் ஊட்டவும் செய்தார்.

அதெல்லாம் உடம்பில் ஒட்டிவிட்டது. அப்படித்தான் அவர் நினைத்தார்.

ஆஸ்பத்திரியில் தினமும் எடை பார்க்கச் சொன்னதே அதற்காகத்தான் என்று நினைத்திருந்தார்.

நர்ஸ் விவரம் சொன்னபோது அவர் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். கேட்டது அவள் மட்டும்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் இந்த மருந்து கட்டியை அடக்கும். சிலருக்கு இதயத்தைத் தளர்த்தியும் விடும். தளர்ந்தால் உடம்பில் நீர் தங்கும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை. உடனே போன் பண்ண வேண்டும்.

அவரிடம் சொல்லவில்லை. ஈரலையே சுமக்க முடியாமல் சுமந்துகொண்டிருந்தார். இதயத்தையும் எதற்கு ஏற்றிவிடுவது என்று விட்டுவிட்டாள்.

மூன்று நாளாக ஒரு தலையணை மூன்றாகியிருந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை. மெட்டி விரலைக் கடித்தது. தெரியாமல் இல்லை. எண் ஒன்றுதான் தெரியாமல் இருந்தது.

அதற்குள் மகளுக்குப் போன் போய்விட்டது.

"மோகனா, உங்கம்மா மூணு கிலோ ஏறிட்டா சாமி. கன்னமெல்லாம் உப்பிருச்சு. ஆமா, நாந்தேன். வேற ஆரு சமைக்கறா இங்க?"

சிரித்தார். பதினோரு மாதமாக அந்தச் சிரிப்பு வீட்டில் இல்லை.

இன்னும் ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

சொன்னால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தினால் கட்டி சும்மா கிடக்குமா, தெரியாது. சொல்லாவிட்டால் இதயம் எத்தனை நாள் தாங்கும், அதுவும் தெரியாது.

அவர் உள்ளேயிருந்து கை நிறையக் கல்லுப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தார். அவளைக் கிழக்கே பார்க்க நிறுத்தினார். மூன்று சுற்றுச் சுற்றினார். மூடிய கையை அவள் வாயருகே நீட்டினார்.

"மூணு தடவ துப்பு."

ஒரு தடவை துப்பினாள்.

இரண்டாவதுக்கு மூச்சு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

சொல்லிவிட்டாள். நர்ஸ் சொன்னது முழுவதையும், நிறுத்தி நிறுத்தி. நீர் என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் திட்டவில்லை. ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை. உப்பையும் மிளகாயையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். முதுகுக்குத் தலையணை கொடுத்தார். கண்ணாடியைப் போட்டு ஆஸ்பத்திரி எண்ணைத் தேடி அழுத்தினார்.

அந்தப் பக்கம் மணி அடித்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ நான் ஆக்கிப் போட்டது ஒண்ணுமே ஒட்டலியா அம்மிணி?"

கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. எழுந்திருக்கத் தெம்பில்லை.

"ஒட்டாம எங்கீங்க போவுது? அதுல ஒரு கிலோ உங்களுதுதானுங்."

போனை எடுத்துவிட்டார்கள்.

"சிஸ்டருங்களா? தெய்வானை வீட்டுக்காரருங்க. மூச்சு வாங்குதுங். எடை மூணு கிலோ ஏறிருச்சுங்."

கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். "இப்பவே கூட்டிட்டு வாறனுங்" என்றார்.

வைக்கப் போனவர் வைக்கவில்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"அதுல ஒரு கிலோ சாப்பாடுங். அதையும் எழுதிக்குங்."

அவள் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தாள்.

குனிந்தால் மூச்சு முட்டும் என்று தெரியும். குனிந்தபடியே இருந்தாள்.