அக்கரைப் போர்

ஆற்றுக்கு இக்கரையில் வாழ்ந்த வயல் எலிகளுக்கு அக்கரை அணில்களோடு ஒரு தகராறும் இருந்ததில்லை. ஆனாலும் எலிகளின் தலைவர் கோரைப்பல்லன் அங்கே படை அனுப்பினார். மூன்று அறுவடை கடந்தும் போர் முடியவில்லை. போர் வேண்டும், வேண்டாம் என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, அண்ணன் தம்பிகூட முகம் பார்த்துப் பேசுவதில்லை.

வெள்ளச்சி என்ற தாய் எலியின் மூத்த மகன் போரில் செத்துப்போனான். இளையவனுக்கும் அழைப்பு வந்ததும் அவள் நேரே தலைவரிடம் போனாள்.

"ஐயா, என் மூத்தவன் எதுக்குச் செத்தான்?"

"அவனுக்கு முன்னால் செத்தவர்களின் தியாகம் வீண்போகக் கூடாதே, அம்மா!"

"அப்போ முதல்ல செத்தவன் எதுக்குச் செத்தான்?"

தலைவர் மீசையை நீவிக்கொண்டார். "அது ராணுவ ரகசியம்."

அந்தக் கேள்வி வளைக்கு வளை பரவியது. ஊரே திரண்டு அதையே கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் செங்காதன் என்ற எலி. அடுத்து வந்த தேர்தலில் கோரைப்பல்லன் தோற்றார், செங்காதன் தலைவரானார். வெள்ளச்சியே அவருக்கு நெற்கதிர் மாலை போட்டாள்.

மறுநாள் செங்காதன் மேடையேறினார்.

"நம் பிள்ளைகளை உடனே திரும்ப அழைக்கிறேன்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது.

"அவர்களைப் பத்திரமாகக் கூட்டிவர இன்னும் ஐந்நூறு பேர் அக்கரைக்குப் போக வேண்டும். பட்டியலைப் படிக்கிறேன்."

முதல் பெயரே வெள்ளச்சியின் இளையவனுடையது.

அவள் மகனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். உள்ளே போனதும் வளையின் வாயை மண்ணால் அடைக்கத் தொடங்கினாள். அக்கம்பக்கத்து வளைகளிலும் மண் தள்ளும் சத்தம் கேட்டது.