குறட்டைக்கு மருந்து

"எனக்குத் தூக்க மாத்திரை வேண்டாம் டாக்டர். என் பொண்டாட்டி குறட்டைக்கு ஏதாவது இருந்தா குடுங்க. அவ நிறுத்தினா நான் தூங்கிடுவேன்."

சொல்லிவிட்டுப் பேட்டரிக்காரர் தானே சிரித்தார். பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி, புதிதாக வார்த்துப் போடுவது அவர் தொழில். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் பட்டறை. செத்த பேட்டரிக்கெல்லாம் உயிர் கொடுக்கிற தனக்குச் சொந்த மண்டையை அணைக்கத் தெரியவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

முன்பெல்லாம் மனைவி சத்தமில்லாமல்தான் தூங்குவாள். இப்போது சில காலமாக ரம்பம் போட்டு மரம் அறுப்பது போல ஒரு குறட்டை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்தாலும் விடவில்லை. ஒருநாள் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே கண்ணயர்ந்து, ஆசிட் சிந்திய பலகையில் உட்கார்ந்துவிட்டார். பேண்ட்டின் பின்பக்கம் ஓட்டையானதைத் தெருவே பார்த்தது. கையால் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியதை எழுந்து நின்று நடித்தே காட்டினார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேட்டரிக்காரரின் விரல்கள் லேசாக நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்று வலி உண்டா என்று கேட்டார். உண்டு, அதற்குக் காரணம் மனைவியின் சமையல் என்றார் பேட்டரிக்காரர். டீ எங்கே குடிப்பீர்கள் என்று கேட்டார். ஈயம் உருக்கும் உலை பக்கத்திலேயே, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு என்றார். ரத்தம் எடுத்தார்கள்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, நிதானமாகச் சொன்னார்.

"உங்க ரத்தத்துல ஈயம் ரொம்ப அதிகமா இருக்கு. வயித்து வலி, கை நடுக்கம் எல்லாம் அதனாலதான். தூக்கம் கெடறதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம். பாவம், உங்க வீட்டம்மாவைத் திட்டாதீங்க."

சிகிச்சை முடியும்வரை உலையை மூடச் சொன்னார். பட்டறைத் துணி வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். இதுவரை யார் துவைத்தது என்று கேட்டார். மனைவிதான், உதறி உதறிக் கையால் துவைப்பாள் என்றதும், அவளையும் அழைத்து வரச் சொன்னார்.

"அவளுக்கு என்ன டாக்டர்? படுத்த உடனே குறட்டை. அதுல பாதித் தூக்கம் எனக்குக் குடுத்தா போதும்."

ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம்தான் மைத்துனன் வீட்டில், அத்தனை பேர் நடுவில் அவளைப் போலவே குறட்டை விட்டுக்காட்டிக் கைதட்டல் வாங்கியிருந்தார். அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்புறக் குழாயடியில் மனைவி அவர் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். அதை வெடுக்கென்று பிடுங்கிக் கொட்டகைப் பக்கம் எறிந்தார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

"உன் குறட்டையைச் சொல்லியே ஊரைச் சிரிக்க வச்சேன். கடைசியில கோளாறு என்கிட்டயே இருந்திருக்கு. மனசுல வச்சுக்காதே. நாளைக்கு நீயும் வந்து ரத்தம் குடுத்துடு, சும்மா பார்த்துடலாம்னுதான். நீ நல்லா தூங்கறவ, உனக்கு ஒண்ணும் இருக்காது."

அவள் கையிலிருந்த சோப்பு நுரையைக் கழுவிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நானும் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீங்க பயந்துடுவீங்க. குறட்டையைக் கேலி பண்றப்பவாவது சிரிக்கறீங்களேன்னுதான் பொய்க் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கும் தூக்கம் போயி ரொம்ப நாளாச்சுங்க."