அழிக்கச் சொன்ன பேட்டி

பின்லாந்தில், ஓவுலு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வின் அடிப்படைகளைச் சொல்லித் தருகிறேன். பேட்டி கொடுத்தவர் பின்னால் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அதுதான் என் முதல் பாடம்.

இன்று என் மாணவன் யூசோ தான் பதிவுசெய்த பயிற்சிப் பேட்டியை வகுப்பில் போட்டுக்காட்டினான். பேசியது என் குரல். யாரிடமும் சொல்லாத என் பயங்களையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் உனக்குப் பேட்டியே கொடுக்கலையே!"

"விளையாடாதீங்க, ரித்வா. போன வாரம் இதே நாற்காலியிலதானே உட்கார்ந்து பேசினீங்க?"

அவன் கைப்பேசி ஒலித்தது. எடுத்துக் கேட்டவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"நீங்கதான் பேசுறீங்க. எல்லாத்தையும் அழிச்சிடணுமாம்."

"ஏனாம்?"

"காரணம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?" என்று அழிக்கும் பொத்தானை அழுத்தினான்.

நான் நின்ற இடத்தைப் பார்த்து முன்வரிசைப் பெண் கேட்டாள்: "இந்தப் பாடத்துக்கு இன்னும் ஆசிரியர் யாரையும் போடலையா?"