ஒட்டிக்கொண்ட வாஷர்

என்ஜினிலிருந்து ஆயில் ஃபில்டர் கழன்று வந்தபோது ஓடெலின் உள்ளங்கையில் இரண்டு ரப்பர் வாஷர்கள் இருந்தன.

ஒன்று புதியது. மற்றது பழையது, காய்ந்து தட்டையாகி, ஓரிடத்தில் பிதுங்கிக் கிழிந்திருந்தது.

இருக்க வேண்டியது ஒன்றுதான்.

நாற்பது வருஷமாக வட கரோலினா மலைப்பக்கத்து ரேஸ் கார்களுக்கு என்ஜின் கட்டி வருகிறவர். அவருக்கு இதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வாஷர் கூடவே வராமல் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் மேலேயே புது ஃபில்டரை வைத்து முறுக்கியிருக்கிறார்கள்.

என்ஜின் சும்மா ஓடும்வரை அது தாங்கும். குளிரில் ஆயில் கெட்டிப்பட்டிருக்கும்போது ஒரேயடியாக மிதித்தால் தாங்காது.

தாங்கவில்லை. அந்த ஏப்ரல் சனிக்கிழமை, முதல் சுற்றிலேயே, மூன்றாவது வளைவில், ஆயில் பீய்ச்சிப் பின் டயரை நனைத்தது. கார் வழுக்கிச் சுழன்று ஓட்டுநர் பக்கமாகப் போய்ச் சுவரில் மோதியது.

உள்ளே இருந்தவன் ஓடெலின் தம்பி லைல்.

ஒரு தரம் விரலை விட்டுத் தடவிப் பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை. அவரும்தான்.

நொறுங்கிய காரை இன்று காலைதான் டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாளை இன்சூரன்ஸ்காரர் வந்து பார்ப்பார்.

வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

ஓடெல் பழைய வாஷரைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஃபில்டரை இருந்த இடத்திலேயே முறுக்கினார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஆயில் டாங்கி. அதற்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸை அன்று மாட்டியவர் அவர்தான். ஸ்குரூ டிரைவரை எடுத்து அதன் கிளாம்ப்பை நான்கு சுற்றுத் தளர்த்தினார். அவசரத்தில் அது ஒரு தரம் நழுவி விரலைக் கிழித்தது.

லைலின் மனைவி நெல்டா உள்ளே வந்தாள். அவனுடைய சட்டையைப் போட்டிருந்தாள். அது முழங்கால்வரை தொங்கியது. காரின் கதவுப் பக்கம் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்த ஹோஸ்தாம்மா. கிளாம்ப் லூசா இருந்திருக்கு. முறுக்கினது நான். என்னாலதான் போனான்."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தார்.

நெல்டா கையை நீட்டி ஹோஸின் வாயோரம் ஒரு விரலால் தடவினாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் தூசி. ஒரு சொட்டு ஆயில் இல்லை.

பிறகு தோளில் மாட்டியிருந்த பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே, அன்று கழற்றிப் போட்ட பழைய ஃபில்டர். லைல் இறந்த மறுநாள் காலை, ஊரே தேவாலயத்தில் இருந்த நேரத்தில், ரேஸ் திடலுக்குப் போய்க் குப்பைப் பீப்பாயைக் கிளறி எடுத்திருந்தாள்.

அவள் அதைத் திருப்பிக் காட்டினாள். வாஷர் உட்காரும் பள்ளம் காலியாக இருந்தது.

ஓடெலின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

"ஒன்பது நாளா ஒவ்வொருத்தரா வறுத்த கோழியும் கேக்கும் கொண்டாந்து குடுத்துட்டு, யார் தப்பும் இல்லம்மான்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்களும் பொய் சொன்னா நான் யார்கிட்ட போவேன்? என்னைக் கேளுங்க, ஓடெல்."

அவர் அந்தக் காலிப் பள்ளத்தைப் பார்த்தார். கிழிந்த விரலிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது.

பிறகு, தம்பி மனைவியிடம் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பேசாத கடுமையான குரலில் கேட்டார்.

"அன்னைக்கு ஃபில்டரை மாத்தினது யாரு?"

"நான்," என்றாள் நெல்டா.

கல்லறையில் மண் போடும்போதுகூட அழாதவள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.