வாங்குவது முத்துச்செல்வன்

முத்துச்செல்வன் இறந்து மறுநாளோடு ஒரு வருடம். படையலில் வைக்க, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் அவன் அம்மா சண்முகக்கனி போனில் தேடித்தேடி எடுத்தாள். முதலில் நீலச் சட்டை, அடுத்து தூத்துக்குடி மக்ரூன், பூண்டு போட்ட காரச்சேவு. தெருநாய்க்கென்று அவன் எப்போதும் கடைசியில் சேர்க்கும் பிஸ்கட்டையும் அவள் மறக்கவில்லை.

பணம் போகவில்லை. வங்கியின் தானியங்கிப் பாதுகாப்புக் குரல் போனில் கூப்பிட்டது.

“அம்மா, உங்க கார்டை வேற ஒருத்தர் பயன்படுத்துறார்.”

“நான்தாம்ப்பா வாங்குதேன்.”

“நீங்க இப்படி வாங்க மாட்டீங்க. எடுத்த பொருள், எடுத்த வரிசை எல்லாமே எங்ககிட்ட கணக்கு வச்சிருக்கிற உங்க மகனோடது. வாங்குறது முத்துச்செல்வன்தான், தொண்ணூத்தெட்டு சதவீதம் உறுதி. அவர் உங்க பக்கத்துல இருக்காரா?”

மாலை போட்ட படத்தைச் சண்முகக்கனி பார்த்தாள். அவன் செத்துப்போனான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கார்டு திறந்துவிடும்.

அவள் சொல்லவில்லை. போனை வைத்தாள். கூடையைக் காலி செய்துவிட்டு, நீலச் சட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். கடைசியில் பிஸ்கட்டையும் சேர்த்துவிட்டு, அந்தக் குரல் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள்.